ரோந்துக்கு என் துப்பாக்கி வராது: நலச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

சென்ற சனிக்கிழமை கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை அன்று ராத்திரியே வாட்ஸப் குழுவில் ஏற்றினீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் மூத்த உறுப்பினர்கள் முறை வைத்து, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை நம் குறுக்குத் தெருக்களில் ரோந்து வர வேண்டுமாம். அதற்குக் கீழே ஒரு பட்டியல்: ஒன்பது பேர், அவரவர் வீட்டு எண், யாரிடம் என்ன துப்பாக்கி. மூன்றாவது பெயர் என்னுடையது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்தால் அங்கேயே எழுந்து பேசியிருப்பேன். அன்று நான் கண் டாக்டரிடம் இருந்தேன். அதற்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நான் வரமாட்டேன். மற்ற எட்டுப் பேரையும் அனுப்பாதீர்கள். தீர்மானம் ஆங்கிலத்தில் இருந்ததால் பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேர் பேரன், பேத்தியைப் படித்துச் சொல்லச் சொல்லித்தான் விஷயம் தெரிந்துகொண்டார்கள். அதனால் நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஹவில்தார் ஐயாவே பயந்தால் எப்படி?" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். 1972-ல் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இதே பெங்களூர் அல்சூரில், பட்டாளத்தின் இன்ஜினியர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவன் நான். 24 வருஷம் பட்டாளம். 1996-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். அப்புறம் ஒரு பேங்க் கிளையில் 16 வருஷம் கன்மேன் வேலை, சொந்த உரிமத்தில், சொந்த டபுள் பேரல் 12 போர் துப்பாக்கியோடு. பட்டாளத்தில் எங்கள் ஆட்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது தெருவில் எல்லோருக்கும் நான் தாத்தா. எனக்கு வயது 72.

பேங்க் வாசலில் நின்ற 16 வருஷத்தில் ஒரு தோட்டாகூட நான் சுட்டதில்லை. ஆனால் ஒருமுறை கொள்ளை ஒன்றைத் தடுத்தேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஒரு ஆள் மூன்று நாள் தொடர்ந்து வந்தான். முதல் நாள் லோன் ஃபாரம் கேட்டான், இரண்டாம் நாள் சில்லறை கேட்டான், மூன்றாம் நாள் எதுவும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பேங்குக்கு வருகிறவன் கவுண்டரைப் பார்ப்பான், இல்லை கையில் இருக்கும் டோக்கனைப் பார்ப்பான். இவன் என் தோட்டா பெல்ட்டைப் பார்த்தான். பணவண்டி வந்து நின்றபோது கடிகாரத்தைப் பார்த்தான். மேனேஜரிடம் சொன்னேன். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. வண்டி வரும் நேரத்தை மாற்றினார், ஸ்டேஷனுக்கும் தகவல் சொன்னார். அதன் பிறகு அந்த ஆள் வரவே இல்லை. அன்று வேலை செய்தது துப்பாக்கியா, கண்ணா? அது 50 வயதுக் கண் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இதுவரை வெளியில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

போன மே மாதம். கரண்ட் இல்லாத ராத்திரி. நம் பக்கம் காவேரித் தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். மூன்று மணி இருக்கும், என் மனைவி என்னை உலுக்கினாள். "என்னங்க, வெளியில யாரோ இரும்பைத் தூக்கிப் போடுறாங்க." எனக்கு எதுவும் கேட்கவில்லை. காது மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுத்தான் நான் தூங்குவேன். பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்தேன், இரண்டு தோட்டா போட்டேன். அவசரத்தில் மேஜை மேல் கைக்கு அகப்பட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அது படிக்கிற கண்ணாடி.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், சம்ப் பக்கத்தில் ஒருவன் குனிந்திருக்கிறான். கையில் நீளமாக ஒரு இரும்பு. "யாரது?" என்று கத்தினேன். அவன் நிமிர்ந்தான், இரும்போடு கையை உயர்த்தினான். என் கட்டைவிரல் சேஃப்டியைத் தள்ளியாகிவிட்டது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து மனைவி எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். "ஐயோ, மாடி வீட்டுப் பையன்ங்க!"

தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க சம்ப் மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கியிருக்கிறான். நான் கத்தியதும் "நான்தான் தாத்தா" என்று இரண்டு தடவை பதில் சொன்னானாம். மனைவிக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. கை அசைத்துக் காட்டியதைத்தான் நான் ஓங்குகிறான் என்று நினைத்தேன். இருட்டில் நான் என்ன பிடித்துக்கொண்டு நின்றேன் என்பது அந்தப் பையனுக்கு இன்றுவரை தெரியாது. இந்த மடலைப் படித்துத்தான் தெரிந்துகொள்வான். மன்னித்துக்கொள், தம்பி.

24 வருஷப் பயிற்சி என்னைக் காப்பாற்றவில்லை. ஒரு விளக்கும் என் மனைவியின் காதும் காப்பாற்றின. சொந்த வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த பையனையே அடையாளம் கண்டுபிடிக்க முடியாத என்னைத்தான் நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

சனிக்கிழமை டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். 20 வயதுக்காரன் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் உள்ளே போகும் என்றார். கண் பாப்பா சுருங்கிவிடும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிவிடும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் பழகுவதற்கும் நேரம் கூடுதலாக ஆகும். எதிரே ஒரு பைக் ஹெட்லைட் போட்டு வந்துவிட்டுப் போனால், அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு நான் குருடன். உரிமம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். கண் அதுவரை காத்திருப்பதில்லை.

கை எப்படி என்றும் நானே சோதித்துப் பார்த்தேன். கூட்டத்துக்கு மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு, சுட்டு முடிந்த காலித் தோட்டா இரண்டை வைத்து, உறையிலிருந்து எடுத்து, திறந்து, போட்டு, மூடித் தோளில் வைக்கும்வரை மருமகனை நேரம் பார்க்கச் சொன்னேன். ஐந்து தடவை. மிக வேகமானது 14 வினாடி. நாலாவது தடவை ஒரு தோட்டா கைநழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மருமகன் வேறொரு கணக்குச் சொன்னார். டென்னிஸ் டியூலர் என்ற அமெரிக்கப் போலீஸ்காரர் 1983-ல் எழுதியதாம்: 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்கிறவன் ஓடிவந்து உங்களைத் தொட ஒன்றரை வினாடி போதும். நம் குறுக்குத் தெரு சுவருக்குச் சுவர் 12 அடி.

அப்படியென்றால் முன்னாலேயே தோட்டா போட்டு, கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். 2016 ஆயுத விதிகளைப் படியுங்கள். பொது இடத்தில் துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், ஆட்டிக் காட்டக் கூடாது. என் உரிமத்தில் இருப்பது தற்காப்பு என்ற ஒரு காரணம்தான். தெருக்காவல் என்று அதில் இல்லை. தோட்டா போட்ட துப்பாக்கியோடு, கல் பெயர்ந்து கிடக்கும் நடைபாதையில், பிரஷர் மாத்திரை சாப்பிட்டுவிட்டு நடக்கிற 70 வயதுக்காரர் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று கூட்டத்தில் யாராவது கேட்டீர்களா?

பட்டியலில் ஏழாவதாக இருப்பவர் அனுமதி கொடுத்ததால் இதைச் சொல்கிறேன். அவரிடம் இருப்பது கான்பூரில் செய்த .32 ரிவால்வர். விரல் மூட்டுகளில் வாதம். ஒரு விரலால் ட்ரிகரை இழுக்க முடியாமல் இரண்டு விரலையும் சேர்த்து இழுக்கிறார், குழல் கீழே சாய்ந்துவிடுகிறது. "எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் கூட்டத்துல சொல்லல" என்றார். அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்காமல் பெயரைப் போட்ட நாம்தான் வெட்கப்பட வேண்டும்.

பட்டாளத்தில் சென்ட்ரி டியூட்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு ஆளை நிறுத்த மாட்டார்கள். "தம்! கோன் ஆதா ஹை?" (நில்! யார் வருவது?) என்று நிறுத்திக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. அன்றைய பாஸ்வேர்டு உண்டு. தூங்காமல் விழித்திருக்கும் கார்டு கமாண்டர் உண்டு. எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் நம் ஆட்கள் என்று காட்டியிருப்பார்கள். அத்தனையும் 20 வயதுப் பையனுக்கு. நீங்கள் 70 வயதுக்காரரைத் தனியாக ஆறு மணி நேரம் அனுப்புகிறீர்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஐ.டி. பிள்ளைகள் கேபில் வந்து இறங்குகிற தெரு இது. நாலு மணிக்குப் பால் வண்டி, அதற்கப்புறம் பேப்பர்காரப் பையன்கள். சுட்டால் குண்டு எங்கே போகும்? 12 போர் தோட்டாவின் ஈயக் குண்டுகள் போகப் போக விரிந்து பரவும். எங்கே சுட்டாலும் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது.

குடகில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறதே என்று கூட்டத்தில் ஒருவர் பேசினாராம். குடகர்களுக்கு உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு, அது பழைய காலத்திலிருந்து வருகிற வழக்கம். அவர்கள் வீடுகள் தோட்டத்துக்கு நடுவில் இருக்கின்றன. நம் வீட்டுக் குக்கர் விசில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது.

சட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. நம் உயிரையும் அடுத்தவர் உயிரையும் காக்க நமக்கு உரிமை உண்டு. அதை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் 37-வது பிரிவு இரண்டு கடிவாளம் போடுகிறது: போலீஸைக் கூப்பிட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் அடிக்கவும் கூடாது. சும்மா திருடிவிட்டு ஓடுகிறவனைச் சுட்டுக் கொல்ல அதில் இடமே இல்லை. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தில் சிக்கியவன் தராசில் நிறுத்துப் பார்த்துத் திருப்பி அடிக்க முடியாது என்று நம் பக்கமும் பேசியது. அதே தீர்ப்பில், இந்த உரிமை காத்துக்கொள்வதற்கு மட்டும்தான், பழிதீர்க்க இல்லை என்றும் சொன்னது. திருடனைத் தேடிக்கொண்டு துப்பாக்கியோடு தெருவில் இறங்கியவர், "எனக்கு வேறு வழி இல்லை" என்று கோர்ட்டில் எந்த முகத்தோடு சொல்வார்? நாளைக்குக் கூண்டில் நிற்கப்போவது தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட நீங்கள் இல்லை, சுட்டவர்.

சரி, எந்தத் திருட்டுக்காக இந்த ரோந்து? இந்த வருஷம் நம் பகுதியில் நடந்தது மூன்று. சோமேஸ்வரர் கோயிலுக்குப் போன அம்மாவின் செயினை அறுத்துக்கொண்டு போனது காலை 5:40-க்கு. திருப்பதி போயிருந்தவர்கள் வீட்டில் பூட்டை உடைத்தது மத்தியானம். மூன்று நாளாக வாசலில் கோலம் இல்லை, கேட்டில் பேப்பர் மூன்று கிடந்தது, அதைவிடத் திருடனுக்கு என்ன அழைப்பிதழ் வேண்டும்? கேஸ் குழாய் பார்க்க வந்தேன் என்று சொல்லி, தனியாக இருந்த 80 வயதுப் பாட்டியின் வளையலைக் கழற்றிக்கொண்டு போனது பகல் 11 மணிக்கு. இந்த மூன்றில் ஒன்றாவது இரவு 11-க்கும் காலை 5-க்கும் நடுவில் நடந்ததா?

வெளியிலும் அதே கதைதான். 2025 ஜனவரியில் பீதரில் ஏடிஎம் பணம் கொண்டுபோனவரைச் சுட்டுக் கொன்றது பட்டப்பகலில். அதே வருஷம் நவம்பரில் நம் பெங்களூரிலேயே பணவண்டியை நிறுத்தி 7 கோடிக்கு மேல் கொண்டுபோனார்கள். ரிசர்வ் பேங்க் அதிகாரிகள் என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். வண்டிக்குள் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் அவர்கள், குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நம்ப வைத்துவிட்டால் தோளில் தொங்கும் துப்பாக்கி வெறும் இரும்புதான் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

வயதானவர்களுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் மரியாதையாகப் பேசிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான். அதற்கு வேண்டியது கண்ணும் காதும் கொஞ்சம் சந்தேகமும். மே மாதத்துக்கு அப்புறம் நான் என் பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். காது மெஷினும் தூரக் கண்ணாடியும் தலைமாட்டில் ஒரே டப்பாவில். வெளி விளக்குக்கு ஒரு சுவிட்ச் படுக்கைக்குப் பக்கத்தில், யுபிஎஸ் இணைப்போடு. கதவைத் திறக்கும் முன் சங்கிலி போட்டுப் பேசுவது, ஐடி கார்டைப் பார்த்தாலும் நாமே ஆபீசுக்குப் போன் செய்து கேட்பது. நடக்கும்போது வண்டிகள் எதிரே வருகிற பக்கமாக நடப்பது, சுவர் ஓரம் மனைவி, வெளிப்பக்கம் நான். இன்ஜினை அணைக்காமல் இரண்டு பேர் பைக்கில் நின்றால் தெருவின் அந்தப் பக்கம் மாறிவிடுவது. செயினை இழுத்தால் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன், கழுத்து முக்கியம்.

ராத்திரி சத்தம் கேட்டால் இப்போது எங்கள் வழக்கம் வேறு. வெளியே போவதில்லை. இரண்டு பேரும் படுக்கையறைக்குள், கதவுக்குத் தாழ், 112-க்குப் போன், எல்லா வெளி விளக்கும் எரியும், மனைவி மாடிக்காரர்களுக்கு மிஸ்டு கால். போலீஸின் ஹொய்சளா ரோந்து வண்டி வரும்வரை உள்ளேயே. திருடன் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும், அவன் போகிற வழியில் நாங்கள் நிற்கமாட்டோம். அந்தக் கதவையும் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் அது வேறு கதை. துப்பாக்கி அதற்காகத்தான் அந்த அறையில் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் பூட்டில், வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறதோடு சரி.

கடைசியாக, எனக்குத் தூக்கம் போகக் காரணமான அந்தப் பட்டியல். 212 பேர் இருக்கும் குழு அது. காலி செய்துகொண்டு போன குடித்தனக்காரர்கள், பிளம்பர், கேபிள்காரர் எல்லாம் அதில் இருக்கிறார்கள். எந்த வீட்டில் துப்பாக்கி, அந்த வீட்டில் இருப்பது வயதானவர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். என் வீட்டில் திருடுவதற்கு இதுவரை ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. அது திருடுபோனால் அடுத்து யார் நெஞ்சுக்கு நேரே நீட்டுவார்கள் என்று யோசித்தீர்களா?

என் கோரிக்கைகள் இவை. அந்தப் பட்டியலை இன்றே எல்லோருக்கும் நீங்கும்படி அழியுங்கள், யார் யார் வேறெங்காவது அனுப்பினார்கள் என்று கேட்டு அங்கிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். ரோந்துத் தீர்மானத்தை அடுத்த கூட்டம்வரை காத்திருக்காமல் ரத்து செய்து, தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அறிவியுங்கள். சிக்கனம் என்று ஏப்ரலில் நிறுத்திய வாட்ச்மேனைத் திரும்ப வையுங்கள், இரவு 11 மணிக்கு அல்ல, விடியற்காலை 4:30 முதல் 8 வரையும் பகலிலும் ஆள் இருக்கும்படி. அவர் சம்பளம் 18,000 ரூபாய். 120 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 150 ரூபாய். பென்ஷன்காரர் யாராவது கஷ்டம் என்றால் இரண்டு வீட்டுப் பங்கை நான் சேர்த்துக் கொடுக்கிறேன். எரியாத தெருவிளக்குகளை எண்ணி எழுதி வைத்திருக்கிறேன், ஏழு. கோயில் பக்கம் திரும்பும் முனையில் உள்ளதை முதலில் சரி செய்ய மனு கொடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனிலிருந்து ஒருவரை அழைத்து, கதவு, போன், செயின் என்று பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச ஏற்பாடு செய்யுங்கள். அதே நாளில் துப்பாக்கி வைத்திருக்கும் நாங்கள் ஒன்பது பேரும் கண், காது பரிசோதனைக்குப் போகிறோம். முதல் ஆள் நான். முடிவைச் சங்கத்திடம் காட்ட மாட்டோம், அவரவர் வீட்டாரிடம் காட்டுவோம். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது முடிவு செய்தால், உரிமத்தை ஒப்படைக்கும் காகித வேலைக்குச் சங்கம் ஆள் துணை அனுப்ப வேண்டும். அந்த ஆள் நானாகவே இருக்கலாம்.

வரும் சனிக்கிழமைக்குள் பதில் எழுத்தில் வேண்டும். வாட்ஸப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
பட்டியலில் மூன்றாவதாக இருப்பவன்